கற்பிக்கும் முறையே! – அணித் தலைவர் உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"இணையத்தோடு வளர்ந்த மாணவருக்கு வகுப்பறையில் முதலில் மாற வேண்டியது கருவியா, கற்பிக்கும் முறையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், 2001இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி பரப்பிய 'டிஜிட்டல் நேட்டிவ்', அதாவது கணினியோடும் இணையத்தோடும் பிறந்து வளர்ந்தவர் என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் மாறிவிட்டார்கள், திரையை மாட்டுங்கள் என்றார். மாட்டலாம் ஐயா. மாட்டிய திரையில் எட்டு நிமிடக் காணொளியை ஓட்டிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிந்தது சார்" என்று வகுப்பே சொல்லும். கண்ணுக்குப் பழகிப்போனதைப் புரிந்துவிட்டதாகப் பிள்ளையும் நம்புகிறது, ஆசிரியரும் நம்புகிறார். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இதை 2006இல் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்!

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலேயே ஒரு வழி காட்டினார். பத்து நிமிடம் பாடம், உடனே ஒரு கேள்வி. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அப்போது அதன்மேல் செயல்படும் விசை எது? அ, எதுவும் இல்லை. ஆ, மேல்நோக்கிய விசை. இ, கீழ்நோக்கிய புவியீர்ப்பு. ஈ, மேலும் கீழும் சமமான இரு விசைகள். தவறான விடைகளை ஒப்புக்கு நிரப்பக் கூடாது. போன ஆண்டு விடைத்தாள்களில் பிள்ளைகள் செய்த பிழைகளிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விடை அட்டையைத் தூக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கை தூக்கச் சொன்னால், முதல் பெஞ்சைப் பார்த்துக் கடைசி பெஞ்சும் தூக்கிவிடும்.

சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் மறுபடி நடத்துங்கள். 70க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் நின்றால் தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். வேறு அட்டை தூக்கிய பக்கத்து மாணவரிடம் மூன்று நிமிடம் வாதாடட்டும், மறுபடி தூக்கட்டும். பாடம் உள்ளே இறங்குவது அந்த மூன்று நிமிடத்தில்தான்.

இதற்குக் கருவி வேண்டாமா என்பார்கள். பிளிக்கர்ஸ் என்ற செயலிக்கான விடை அட்டை, ஒரு குறியீட்டுப் படத்தைத் தாளில் அச்சிட்டது. திருப்பிப் பிடிக்கும் பக்கத்தைப் பொறுத்து நான்கு விடை. ஆசிரியரின் ஒரே கைபேசி கேமரா போதும். பளபளப்பாக லேமினேஷன் செய்தால் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. அட்டையில் உள்ள குறியீட்டை விரல் மறைத்தாலும் படிக்காது. அவ்வளவுதான் சிக்கல்.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள், தமிழிலும் பல உண்டு. ஆனால் மின்சுற்றைத் திறந்து கொடுத்ததும் பிள்ளைகள் கண்டதையெல்லாம் இழுத்துப் பார்ப்பார்கள், மணி அடித்துவிடும். இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா, ஏன் என்று நோட்டில் எழுதிய பிறகே சுவிட்சைத் தொடவிட வேண்டும்.

பாடம் முடிக்க நேரமில்லை என்ற கவலை நியாயமானது. 45 நிமிடப் பாடவேளைக்கு இரண்டு கேள்வி போதும். எட்டு நிமிடக் காணொளியில் தேவையான இரண்டு நிமிடத்தை மட்டும் காட்டினால், முதல் கேள்விக்கான நேரம் கையில் வந்துவிடும்.

எதிரணியிடம் ஒன்று கேட்கிறேன். காணொளி ஓடி முடிந்தபின், புவியீர்ப்பு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும் அந்தப் பந்தின்மேல் விசையே இல்லை என்று இன்னும் எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்பதை உங்கள் திரை எப்படிச் சொல்லும்? அடுத்து வருபவர் பதில் சொல்லட்டும். வணக்கம்.