பேசியவர்கள் லிஸ்ட்ல என் பேரு! ஒரு ஸ்கூல் நாள், கொஞ்சம் ஜி.கே.

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. நான் இப்ப சாத்தூர்ல எங்க அக்கா வீட்டு மொட்டை மாடில உக்காந்திருக்கேன். நடுவுல கொக்கரக்கோன்னு சத்தம் கேட்டுச்சுன்னா அது பக்கத்து வீட்டுச் சேவல், அதுக்கு நேரங்காலமே கெடையாது, கண்டுக்காதீங்க.

இன்னிக்கு இந்த வீடியோ பிளான்லயே இல்ல. நேத்து ராத்திரி அக்கா பொண்ணு, ஏழாவது படிக்கிறா, ஹோம்வொர்க் எழுதிட்டு இருந்தவ திடீர்னு நிமிந்து பாத்து, "சித்தி, ரப்பர் வர்றதுக்கு முன்னாடி பென்சில் எழுத்த எதை வச்சு அழிச்சாங்க?"ன்னு கேட்டா. நானும் எல்லாம் தெரிஞ்ச ஆளு மாதிரி, எச்சி தொட்டு அழிச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டேன். "அது சிலேட்டுக்கு சித்தி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டா. அக்கா வேற அடுப்படில இருந்து சிரிக்கிறா. மானம் போச்சு.

பதில் என்னன்னா, பிரட்டு. ஆமாங்க, நாம டீல தொட்டு சாப்புடுற பிரட்டுதான், அதோட நடுப்பகுதிய உருட்டி அதை வச்சுத்தான் தேச்சிருக்காங்க. 1770ல லண்டன்ல எட்வர்ட் நேர்ன்னு ஒருத்தர், கருவிகள் செஞ்சு விக்கிறவரு, பிரட்டுத் துண்டுன்னு நெனச்சு கை தவறி ரப்பர் துண்ட எடுத்துத் தேச்சாராம், அது பிரட்ட விட நல்லா அழிச்சுச்சாம். அப்படியே அத விக்கவும் ஆரம்பிச்சுட்டாரு. அரை இஞ்ச் துண்டு 3 ஷில்லிங், அந்தக் காலத்துக்கு அது கொள்ளை விலை. தேய்க்கிறதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்களோ அதுல இருந்துதான் ரப்பர்ங்கற பேரே வந்துச்சு. அந்த மரத்துப் பாலுக்கே அப்புறமா இந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, அதாவது டயருக்கும் செருப்புக்கும் பேரு வச்சது நம்ம லப்பர்தான். லப்பர்னு சொல்லாத பசங்க யாராச்சும் இருந்தா அவங்க வேற ஸ்கூல், நம்ம ஸ்கூல் இல்ல.

இது ஒண்ணு தெரிஞ்சதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வரல. அவ பைய எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்துட்டே இருந்தேன். அதனால ஒரு ஸ்கூல் நாள் எப்படிப் போகுமோ அந்த ஆர்டர்லயே சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சது எத்தனன்னு நீங்களே எண்ணிக்கோங்க.

காலைல பை மாட்டுறோம்ல, அதுல பென்சில். பென்சில் குத்துனா ஈயம் உடம்புல ஏறிடும்னு எங்க அம்மா என்ன மிரட்டியே வளத்தாங்க. அதுல ஈயமே கெடையாதுங்க, கிராஃபைட்டும் களிமண்ணும்தான். இங்கிலாந்துல பாரோடேல்ங்கற ஊர்ல கிராஃபைட் கெடைச்சப்ப அது பாக்க ஈயம் மாதிரி இருந்ததால கறுப்பு ஈயம்னு பேரு வச்சுட்டாங்க, அந்தத் தப்பு இன்னி வரைக்கும் நம்ம அம்மாமார் வாயில இருக்கு. களிமண் சேத்தது யாருன்னா பிரெஞ்சுக்காரர், நிக்கோலா ஜாக் கான்டே, 1795ல. அப்ப பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை, இங்கிலாந்து கிராஃபைட் வராது, இருக்கற தூள வச்சு ஒப்பேத்தணும், அதனால களிமண்ணோட பிசைஞ்சு சூளைல சுட்டுட்டாரு. களிமண் கூடுனா குச்சி கடினமா இருக்கும், கம்மியானா கறுப்பா எழுதும். ஹெச்.பி.ங்கறது ரெண்டுக்கும் நடுவுல.

இன்னொண்ணு, இது கேட்டா சில பேருக்கு நெஞ்சு வலிக்கும். நட்ராஜா அப்சராவான்னு நம்ம பெஞ்சுல சண்டை போட்டோம்ல? ரெண்டும் ஒரே கம்பெனி. ஹிந்துஸ்தான் பென்சில்ஸ். நான் நட்ராஜ் கட்சில நின்னு ஒருத்திகூட ரெண்டு நாள் பேசாமல்லாம் இருந்திருக்கேன்.

சரி, பிரேயர். வெயில்ல நிக்கறோம், முன்னாடி நிக்கறவன் தலைல எண்ணெய் மினுமினுங்குது, தமிழ்த்தாய் வாழ்த்து போகுது. கேள்வி: தமிழ்த்தாய் வாழ்த்து நீளமா, தேசிய கீதம் நீளமா? பாடறதுக்கு தேசிய கீதம் 52 விநாடி, தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. மூணு விநாடில தமிழ்த்தாய் ஜெயிச்சிட்டா. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அத எழுதுனது ஒரு நாடகத்துக்கு, 1891ல அந்த நாடகம் புத்தகமா வந்துச்சு. 2021 டிசம்பர்ல மாநிலப் பாடல்னு அரசாணையே போட்டாங்க.

அடுத்து கிளாஸ். அட்டெண்டன்ஸ், உள்ளேன் ஐயா, உள்ளேன் டீச்சர், அதெல்லாம் முடிஞ்சு டீச்சர் ஆபீஸ் ரூம் வரைக்கும் போய்ட்டு வரேன்னு கெளம்புவாங்க பாருங்க, அந்த நேரத்துக்கு ஒரு ராஜா இருப்பான். கிளாஸ் லீடர். கைல சாக்பீஸ். போர்டுல மேல "பேசியவர்கள்"னு எழுதி ஒரு கோடு. எங்க கிளாஸ் லீடர் என் பேர எப்பவும் மொதல்லயே எழுதிட்டுத்தான் உக்காருவான், நான் பேசுனேனா இல்லையாங்கற விசாரணைல்லாம் கெடையாது. எதுத்துக் கேட்டா பேருக்குப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி, இன்னும் கேட்டா இன்னொண்ணு. ஒரு நாள் என் பேருக்குப் பக்கத்துல அஞ்சு பெருக்கல் குறி இருந்துச்சு, டீச்சர் வந்து எண்ணிப் பாத்து அஞ்சு அடி குடுத்தாங்க. அவன் இப்ப வெளிநாட்டுல நல்ல வேலைல இருக்கான், பாத்தா கேக்கணும்.

ஆனா நேத்து இதப் பத்திப் படிக்கும்போதுதான் ஒரு விஷயம் தெரிஞ்சு அப்படியே நிமிந்து உக்காந்துட்டேன். இந்த லீடர் சமாச்சாரம் இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான ஸ்கூலுக்குப் பரவுன கதை நம்ம மெட்ராஸ்ல ஆரம்பிக்குதுங்க. நெஜமா.

கதை என்னன்னா, 1789ல எழும்பூர்ல ராணுவத்துக்காரங்களோட ஆதரவில்லாத பசங்களுக்குன்னு ஒரு ஸ்கூல் இருந்துச்சு. அத நடத்துனவரு ஆண்ட்ரூ பெல், ஸ்காட்லாந்துல இருந்து வந்த பாதிரியார். பசங்களுக்கு அ ஆ, சாரி, ஏ பி சி டி ஏறவே மாட்டேங்குது, வாத்தியாருங்களும் சரியில்ல. ஒரு நாள் காலைல குதிரைல போறப்ப நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒண்ணப் பாக்குறாரு. பசங்க தரைல மணலப் பரப்பி வெரலால எழுதிட்டு இருக்காங்க. பேப்பர் வேணாம், பேனா வேணாம், தப்பா எழுதுனா கையால ஒரு தடவு தடவுனா அழிஞ்சிடும். பாத்தீங்களா, பிரட்டும் வேணாம் ரப்பரும் வேணாம். மனுஷன் துள்ளிக் குதிச்சுப் போய் தன்னோட ஸ்கூல்ல இதச் செய்யுங்கன்னு சொன்னா, அங்க இருந்த வாத்தியாரு இதெல்லாம் நடக்காதுன்னுட்டாரு. அப்ப பெல் என்ன பண்ணாரு தெரியுமா, எட்டு வயசுப் பையன் ஒருத்தனக் கூப்ட்டு, நீ சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுன்னு விட்டுட்டாரு. வாத்தியாரால முடியாதத அந்தப் பொடியன் முடிச்சிட்டான்.

அதுல இருந்து பெரிய பசங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கற முறையவே ஸ்கூல் முழுக்கக் கொண்டு வந்து, ஊருக்குத் திரும்பிப் போய் 1797ல லண்டன்ல இதப் பத்தி ஒரு சின்ன புத்தகமும் போட்டாரு. அங்க இதுக்கு வச்ச பேரே மெட்ராஸ் சிஸ்டம்! ஒரு வாத்தியாருக்குச் சம்பளம் குடுத்தாப் போதும், நூத்துக்கணக்கான பசங்க படிச்சிருவாங்க, அப்ப யாருக்குத்தான் பிடிக்காது. பெல் பொறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அவரு விட்டுட்டுப் போன காசுல ஒரு ஸ்கூல் கட்டுனாங்க, அதோட பேரு மெட்ராஸ் காலேஜ், இன்னிக்கும் இருக்கு. ஸ்காட்லாந்துல, அந்தக் குளிருல, மெட்ராஸ்னு போர்டு. இங்க நம்ம பேர மாத்திட்டோம், அங்க அப்படியே இருக்கு.

இப்ப நம்ம பக்கம் பாருங்க. திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு அடுத்து ஒரு ஆள் இருப்பான், சட்டாம்பிள்ளை. பாட்டி கதைல எல்லாம் வரும், "அவன் என்ன பெரிய சட்டாம்பிள்ளையா"ன்னு வீட்டுல திட்டுவாங்கல்ல, அதே ஆளுதான். சின்னப் பசங்களுக்குப் பாடம் சொல்றது, ஒப்பிக்கறதக் கேக்கறது, வாத்தியார் இல்லாதப்ப கிளாஸப் பாத்துக்கறதுன்னு எல்லாம் அவன்தான். பெல்லு மணல மட்டும்தான் இங்க பாத்தாரு, மத்தது அவரு சொந்த யோசனைன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா 1814ல கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டருங்களே, இந்தக் கற்பிக்கற முறை இந்தியாவுல காலங்காலமா இருக்கறதுதான், இங்க இருந்துதான் எடுத்தோம்னு கடிதத்துல ஒத்துக்கிட்டிருக்காங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல. அஞ்சு பெருக்கல் குறி போட்டவனுக்குப் பின்னாடி இவ்ளோ பெரிய வரலாறு இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா அடிய இன்னும் கொஞ்சம் மரியாதையா வாங்கிருப்பேன்.

அட சேவலே, ஒரு நிமிஷம். சரி.

போர்டுன்னதும் சாக்பீஸ். இதுக்கு ஒரு சின்ன டெமோ, கேமராவக் கிட்ட கொண்டு வரேன், தெரியுதா? இது முட்டை ஓடு. இது அக்கா பொண்ணு ஸ்கூல்ல இருந்து எடுத்துட்டு வந்த சாக்பீஸ், எப்படி எடுத்தான்னு கேக்காதீங்க. இது வினிகர். மொதல்ல முட்டை ஓட்டு மேல ரெண்டு சொட்டு... பாருங்க, பொடிப் பொடியா நுரை வருதா, காதுகிட்ட வச்சா லேசா சுர்ருனு கேக்குது. இப்ப சாக்பீஸ் மேல... உறிஞ்சிக்கிச்சு, அவ்ளோதான், ஒண்ணுமே இல்ல. ஏன்னா முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், ஆசிட் பட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய வரும். நெஜ சாக்குன்னு பேரு உள்ள அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் அதேதான், கடல்ல வாழ்ந்த நுண்ணுயிரிங்களோட ஓடு சேந்து சேந்து உண்டானது. ஆனா என் கைல இருக்கற இது ஜிப்சம், கால்சியம் சல்பேட். அதாவது சாக்பீஸ்ங்கறோம், உள்ள சாக்கே இல்ல. பென்சில்ல ஈயம் இல்லாத மாதிரியே.

கணக்கு பீரியட். சமம்னு ரெண்டு கோடு போடறோம்ல, அத 1557ல வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்டு கொண்டு வந்தாரு. ஒவ்வொரு தடவயும் "இதுக்குச் சமம்"னு எழுதி எழுதி அலுத்துப் போயி, ஒரே நீளத்துல ரெண்டு இணைகோட்ட விட சமமான பொருள் ஒலகத்துல என்ன இருக்குன்னு போட்டுட்டாரு. சோம்பேறித்தனத்துல பொறந்தது எல்லாமே நல்லாத்தான் இருக்கு.

அப்புறம் நம்ம ராமானுஜன். ஈரோட்டுல பொறந்து கும்பகோணத்துல படிச்சவரு, டிசம்பர் 22 அவரு பொறந்த நாள், அதுதான் தேசிய கணித தினம். காகிதம் வாங்கக் காசு பத்தாதுன்னு சிலேட்டுலதான் கணக்கு போடுவாராம், துணி தேடக் கூடப் பொறுமை இல்லாம முழங்கையாலேயே அழிச்சு அழிச்சு முழங்கை கறுத்துக் காய்ச்சுப் போச்சாம். விடைய மட்டும் நோட்டுல எழுதி வச்சிருவாரு. அவரோட நோட்டுல வழிமுறை இல்லாம விடை மட்டும் இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்வாங்க. நாங்க எல்லாம் சிலேட்டுக்குக் கோவை இலை தேய்ப்போம், நல்லா கறுப்பாகும்னு. பலப்பத்தத் தின்ன ஆளுங்களும் இங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்.

மத்தியானம் மணி அடிச்சாச்சு. எங்க ஸ்கூல்ல மணின்னா மணியே இல்ல, வேப்பமரத்துல தொங்குன ஒரு தண்டவாளத் துண்டு. சத்துணவு யாரு ஆரம்பிச்சதுன்னு கேட்டா பாதிப் பேரு எம்.ஜி.ஆர்.னும் பாதிப் பேரு காமராஜர்னும் சொல்வீங்க. அதுக்கும் முன்னாடி 1920லயே, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குல ஒரு ஸ்கூல்ல போட்டாச்சு. நீதிக்கட்சி சர் பிட்டி தியாகராயர் இருந்தப்ப, தியாகராய நகர், டி.நகர் பேருல இருக்காருல்ல, அவரேதான். ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. கொஞ்ச வருஷத்துல நின்னு போச்சு. அப்புறம் 1956ல காமராஜர், 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆரோட சத்துணவு, 1989ல கலைஞர் காலத்துல முட்டை, 2022 செப்டம்பர் 15ல மதுரைல ஸ்டாலின் ஆரம்பிச்ச காலை உணவு. யாரு பெருசுன்னு கீழ சண்டை போடாதீங்கப்பா, எனக்குச் சாம்பார் சாதத்துல முட்டை பெருசு. அந்த முட்டைய ரொம்ப நேரம் அவிச்சா மஞ்சக்கருவச் சுத்தி ஒரு பச்சை வளையம் வருமே, கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போடுவோமே, அது வெள்ளைக்கருல இருக்கற கந்தகமும் மஞ்சக்கருல இருக்கற இரும்பும் சேந்து வர்றது. ஒண்ணும் பண்ணாது, சாப்புடலாம்.

புத்தகத்துக்குள்ள மயிலிறகு வச்சு, பென்சில் சீவலப் போட்டு, குட்டி போடும்னு காத்திருந்தீங்களா? குட்டி போடல. ஆனா அதுல நீல நெறமே இல்லங்கறது தெரியுமா? உள்ள இருக்கற நிறமி பழுப்புதான். மெல்லிசான அடுக்குல வெளிச்சம் பட்டுத் திரும்பறப்பதான் நமக்கு நீலமாத் தெரியுது. பொடியாக்கிட்டா அழகெல்லாம் போயிடும், வெறும் பழுப்புத் தூளுதான்.

கடைசி பீரியட், பேனா. சாத்தூர்னா உங்களுக்குச் சேவு தெரியும், வெள்ளரிக்கா தெரியும், நிப்பு தெரியுமா? இங்க் பேனாவுக்குப் போடற நிப்பு இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு குடிசைத் தொழிலா நடந்துச்சு, எங்க அக்கா மாமியார் சின்ன வயசுல நிப்பு எண்ணிக் கட்டுனவங்க, இன்னிக்கும் எத எண்ணுனாலும் அந்த வேகம் கைல இருக்கு. பால்பாயிண்ட் வந்து அதெல்லாம் போச்சு. அத 1938ல பேடன்ட் வாங்குனது லாஸ்லோ பிரோ, ஹங்கேரிப் பத்திரிகைக்காரர், பேப்பர் அடிக்கிற மை சீக்கிரம் காயுதே, பேனா மை ஏன் காய மாட்டேங்குதுன்னு யோசிச்சவரு. சரி, அந்தப் பேனா மூடியோட உச்சில ஓட்டை எதுக்கு? மை காயாம இருக்கறதுக்குன்னு நான் இத்தன வருஷமா நம்பிட்டு இருந்தேன். மூடியக் கடிச்சுட்டு இருக்கற புள்ள அத முழுங்கித் தொண்டைல மாட்டிக்கிட்டா, டாக்டர்கிட்ட போற வரைக்கும் கொஞ்சமாவது மூச்சுப் போக்குவரத்து இருக்கட்டும்னு வச்ச ஓட்டைங்க அது.

அவ்ளோதான், மணி நாலு பத்து, மேடம் ஸ்கூல்ல இருந்து வந்துட்டாங்க, இங்க வாடி, கேமராவப் பாத்து ஹாய் சொல்லு. மக்களே, இவதான் கேள்வி கேட்டு என்ன அசிங்கப்படுத்துன ஆளு. இன்னொரு விஷயம் இப்பத்தான் அக்கா சொல்றா, இவதான் இந்த வருஷம் கிளாஸ் லீடராம்! ஏய், இன்னிக்கு எத்தன பேரு எழுதுன? பதினொண்ணா? சரி, உன் பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருப்பாளே, வாய் மூடாம பேசுவாளே, அவ பேரு அதுல இருந்துச்சா?

ஏய், நில்லுடி. எங்க ஓடுற?