பாட்டை வளர்த்தது பேட்டை மைக்செட்டே

நடுவர் அவர்களே, பிரேசிலில் ஃபங்க் என்னும் ஆட்டப் பாட்டில் ஒரு வகையான காதல் ஃபங்க் பாட்டை வளர்த்தது ரெக்கார்டு கம்பெனியும் டிவியுமா, பேட்டை மைக்செட்காரர்களா என்பது கேள்வி. எதிரணி நண்பர் கம்பெனிக்காக உருகி உருகி வாதாடினார், கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால் சம்பளமே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

1970-இல் ரியோவின் கனெக்கான் அரங்கில் பிக் பாய், அடெமிர் லெமோஸ் என்ற இரண்டு டிஜேக்கள் ஞாயிறுதோறும் ரெக்கார்டு போட்டு ஆட வைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆனாலும் ராபர்டோ கார்லோஸ் கச்சேரி (கால்பந்துக்காரர் இல்லை ஐயா, பாடகர்) வந்ததும் இவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போனது. சரி என்று புறநகர் கிளப்புகளுக்குக் கிளம்பினார்கள், அங்கே ஆடிய பையன்களே பிறகு பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் சேர்த்துச் சொந்தக் குழு தொடங்கினார்கள். சோல் கிராண்ட் பிரீ, ஃபுரகான் 2000 எல்லாம் அப்படி எழுந்தவைதான். 80-களில் ஆய்வாளர் எர்மானோ வியானா போட்ட கணக்கில், ரியோ வட்டாரத்தில் ஒரு வார இறுதிக்குச் சுமார் 700 நடன நிகழ்ச்சிகள்!

அங்கே என்ன போட்டார்கள்? அமெரிக்காவிலிருந்து வந்த ஃப்ரீஸ்டைல் என்னும் ஆட்டப் பாட்டு, ஸ்டீவி பி மாதிரிப் பாடகர்களின் காதல் புலம்பல். அதற்கு 'ஃபங்க் மெலடி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். போட்டிக் குழு கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ரெக்கார்டின் லேபிளையே கிழித்துவிடுவார்களாம், தொழில் ரகசியம்! கூட்டத்துக்கு ஆங்கிலம் புரியாது, காதில் விழுந்ததைப் போர்த்துகீசியமாக்கித் தானே பாடியது. உள்ளூர்ப் பாட்டு முளைத்தது அந்தத் தொண்டையில்தான். டிஜே மார்ல்போரோ 1989-இல் போர்த்துகீசிய ஃபங்கைத் தட்டாக வெளியிட்டது அதற்கெல்லாம் அப்புறம்.

கிளவுடின்யோ, புஷேஷா என்ற பாடகர் ஜோடியைக் கம்பெனி கண்டெடுத்தது என்றார் நண்பர். ரியோவுக்குப் பக்கத்துச் சாவ் கொன்சாலோ ஊர்ப் பையன்கள் அவர்கள், நடன மேடைப் பாட்டுப் போட்டியில் பாடித்தான் வெளியே தெரிந்தார்கள். முதல் ஆல்பம் 1996-இல்தான் வந்தது. அவர்களுடைய பிரபலமான காதல் பாட்டு ஒன்றைக் கேளுங்கள், பாதியில் ரொசின்யா, விதிகல், இரஜா என்று பேட்டைப் பெயர்களாக அடுக்கிக்கொண்டே போவார்கள். காதலியிடம் பேசும்போது எவனாவது பஸ் ரூட் சொல்வானா? ஒவ்வொரு பேட்டைக் கூட்டமும் தன் பெயர் வரும்போது கத்தும், அதற்காகத்தான்!

இந்தப் பேட்டை நடனங்களில் சண்டை நடந்தது, மறுக்கவில்லை. சில நடனங்களில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து அடித்துக்கொண்டார்கள், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் தலைப்பு அதுவல்லவே.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், ஒன்றே ஒன்று ஐயா. டிவிதான் வளர்த்தது என்றாரே, 90-களில் ஃபங்குக்கென்றே டிவி நிகழ்ச்சி நடத்தியது யார் தெரியுமா? ஃபுரகான் 2000, அதே மைக்செட்காரர்கள்!