நீர்த்துளி மடிக்கும் தாள்

அன்பர்களே, ஒரு ஏ4 தாளின் ஒரு விளிம்பை மட்டும் பிடியுங்கள், மறுமுனை தொங்கிவிடும். பிடித்த விளிம்பைச் சற்றே பள்ளமாக வளையுங்கள், தாள் நிமிர்ந்து நீளும். எடையும் அதேதான், தடிமனும் அதேதான். என்ன நடந்தது?

தாளின் இழுவிறைப்பு, அதாவது இழுத்து நீட்டுவதை எதிர்க்கும் விறைப்பு, தடிமனைப் பொறுத்தது. வளைப்பதை எதிர்க்கும் வளைவிறைப்போ தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் முன்னது பாதியாகும், பின்னது எட்டில் ஒரு பங்காகும். அதனால் மெல்லிய தாள் எப்போதும் வளைந்து தப்பிக்கவே பார்க்கும். ஆனால் ஒரு திசையில் வளைந்த தாளைக் குறுக்கேயும் வளைக்க வேண்டுமானால் இழுத்தே தீரவேண்டும். இது 1827இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் நிறுவிய வடிவியல். அதனால்தான் பள்ளமாக வளைத்த தாள் தொங்கவில்லை.

இப்போது நீரைக் கொண்டுவருவோம். மெல்லிய தாளின் மேல் வைத்த நீர்த்துளி, தன் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் இழுவிசையால் அதை மடித்துவிடக்கூடும். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். வளைவிறைப்பை இதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். தாளின் பக்கம் அந்த நீளத்தைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் துளியால் அதை மடிக்க முடியும். 50 மைக்ரோமீட்டர் தடிமனும் 1.5 மெகாபாஸ்கல் யங் குணகமும் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு) கொண்ட சிலிக்கோன் படலத்துக்கு அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆகவே 5 மில்லிமீட்டர் சதுரம் மடியும். 2 மில்லிமீட்டர் சதுரம் சற்றே வளைவதோடு சரி.

2007இல் பாரிஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். சிலிக்கோன் பசையையும் கெட்டியாக்கியையும் எடைக்கு 10:1 கலந்து, வெற்றிடத்தில் குமிழிகளை நீக்கி, சுழற்பூச்சில் (வேகமாகச் சுழலும் தட்டில் ஊற்றிப் பரப்பும் முறை) படலமாக்கி, 70 டிகிரி செல்சியசில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பிறகு தடிமனைக் கட்டாயம் அளந்துவிடுங்கள். அதில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தால் வளைவிறைப்பில் 33 விழுக்காடு பிழை! வெட்டிய துண்டின் மேல் டால்கம் பவுடரைத் தூவுங்கள். இல்லையென்றால் தனக்குத்தானே ஒட்டிக்கொண்டு பிரியவே பிரியாது. நீர் ஓரம்வரை பரவும்படி துளியை வைத்து ஆவியாக விடுங்கள்.

முக்கோணத் துண்டு நான்கு முக்கோண முகங்கள் கொண்ட நான்முகியாக மூடிக்கொள்ளும். சதுரம் குழாயாகச் சுருளவும் கூடும். துளியைப் போலவே உருண்டையாகிவிட எந்தத் தட்டைத் தாளாலும் முடியாது. காஸின் தடை இங்கேயும் நிற்கிறது. அழுத்திச் செய்தால் மடிப்பும் சுருக்கமும்தான் மிஞ்சும்.

மடியவேண்டிய துண்டு மடியாவிட்டால் முதலில் இடுக்கியைப் பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் சோப்பு பரப்பு இழுவிசையைப் பாதியளவுக்கும் கீழே இறக்கிவிடும். மடியத் தேவையான நீளம் ஒன்றரை மடங்காகிவிடும்.