கூடையில் தொங்கிய சாக்ரடீஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

கி.மு. 423, இளவேனில் காலம். ஏதென்ஸ் நகரில் டயோனிசஸ் தெய்வத்துக்குத் திருவிழா. அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் ஊரே திரண்டு உட்கார்ந்து நாடகப் போட்டி பார்க்கிறது. நகைச்சுவைப் பிரிவில் அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' அரங்கேறுகிறது. அதில் சாக்ரடீஸ் ஒரு கூடைக்குள் உட்கார்ந்தபடி அந்தரத்தில் தொங்குகிறார். அங்கே என்ன வேலை என்று கேட்டால், காற்றில் நடக்கிறேன், சூரியனைப் பற்றி யோசிக்கிறேன் என்கிறார். நிஜ சாக்ரடீஸ் அப்போது அதே ஊரில், 45 வயதைத் தாண்டியவராக, சந்தையில் போவோர் வருவோரை நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

கதை எளியது. ஸ்ட்ரெப்சியாடீஸ் என்றொரு நாட்டுப்புறத்துக் கிழவர். மகனுக்குக் குதிரைப் பைத்தியம். அதனால் அப்பாவுக்குத் தலைக்கு மேல் கடன். பக்கத்திலேயே சாக்ரடீஸின் 'சிந்தனைக்கூடம்' இருக்கிறது. அநியாயத்தை நியாயமாக்கி வாதாட அங்கே கற்றுத் தருகிறார்களாம். கற்றுக்கொண்டால் கடன்காரர்களை ஏய்த்துவிடலாமே என்று கிழவர் போய்ச் சேருகிறார்.

உள்ளே நடக்கும் ஆராய்ச்சிகளைக் கேளுங்கள். ஒரு தெள்ளுப்பூச்சி சீடன் ஒருவனின் புருவத்தைக் கடித்துவிட்டு சாக்ரடீஸின் தலைக்குத் தாவிவிட்டது. அது தன் காலடி அளவில் எத்தனை அடி தாண்டியது? மெழுகை உருக்கி, பூச்சியைப் பிடித்து அதன் கால்களை முக்கி எடுக்கிறார்கள். ஆறியதும் மெழுகு செருப்பு மாதிரி ஆகிவிடுகிறது. அதைக் கழற்றி வைத்துத் தூரத்தை அளக்கிறார்கள்! கேலிதான். ஆனால் அளவுகோலைத் தேர்ந்தெடுத்து அளப்பது எப்படி என்று தெரிந்த ஒருவர்தான் இப்படிக் கேலி செய்ய முடியும்.

கிழவரும் லேசுப்பட்டவர் இல்லை. வட்டி கட்டவேண்டியது மாதப் பிறப்பில். மாதமோ நிலவை வைத்துக் கணக்கு. எனவே தெஸ்ஸலி நாட்டு மந்திரக்காரி ஒருத்தியை அமர்த்தி, நிலவைக் கீழே இறக்கிப் பெட்டியில் பூட்டிவிட்டால்? மாதமும் பிறக்காது, வட்டியும் கிடையாது. இன்னொரு யோசனை: வழக்கை எழுத்தர் மெழுகுப் பலகையில் பதியும்போது, தள்ளி நின்று கண்ணாடிக் கல் வழியாக வெயிலைக் குவித்து எழுத்தையே உருக்கிவிடுவது. கல்லில் வெயிலைக் குவித்துத் தீ மூட்டலாம் என்பது அன்றைக்குச் சாதாரண ஜனங்களுக்கே தெரிந்திருந்தது என்பதற்கு இந்த நகைச்சுவை வரிதான் நமக்குச் சாட்சி.

அப்புறம் மழை. மழையைத் தருவது சீயஸ் கடவுள் அல்ல, மேகங்கள்தான். மேகமே இல்லாத வானத்திலிருந்து மழை பெய்து பார்த்திருக்கிறாயா என்று மேடை சாக்ரடீஸ் கேட்கிறார். இதெல்லாம் நிஜ சாக்ரடீஸின் துறையே இல்லை. இயற்கையை இப்படி ஆராய்ந்தவர்கள் அனக்சகோரஸ் போன்றவர்கள். சூரியன் கடவுள் அல்ல, பெலொப்பொனீஸ் தீபகற்பத்தைவிடப் பெரிய நெருப்புக் கல் என்று சொன்னதற்காக வழக்கில் மாட்டி ஏதென்ஸை விட்டே போனவர் அவர். காசு வாங்கிக்கொண்டு வாதத்திறமை கற்றுத் தந்தவர்களோ புரோட்டகோரஸ் முதலான சோபிஸ்டுகள். சாக்ரடீஸ் கூடம் எதுவும் நடத்தவில்லை, கட்டணமும் வாங்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த முகம் அவருடையது என்பதால், அரிஸ்டோபனீஸ் அத்தனை பேரையும் அந்த ஒரு ஆளின் தலையில் கட்டிவிட்டார்.

போட்டியில் நாடகத்துக்குக் கடைசி இடம், அதாவது மூன்றாவது. ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. திருத்தி எழுதினார், என் நாடகங்களிலேயே சிறந்ததை இப்படித் தோற்கடித்துவிட்டீர்களே என்று பார்வையாளர்களைத் திட்டும் வரிகளையும் உள்ளே சேர்த்தார். இன்று நம் கையில் இருப்பது அந்தத் திருத்திய பிரதிதான்.

24 ஆண்டுகள் கழித்து, கி.மு. 399-இல், 70 வயது சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் நிற்கிறார். நகரத்துக் கடவுள்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு. பிளேட்டோ எழுதியபடி, என்மேல் வழக்குப் போட்டவர்களைவிடப் பழைய குற்றச்சாட்டுகளுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன் என்கிறார் அவர். நீங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோதே அவற்றைக் கேட்டு வளர்ந்தீர்கள். அரிஸ்டோபனீஸின் நாடகத்திலும் பார்த்தீர்கள், காற்றில் நடப்பதாக ஒரு சாக்ரடீஸ் உளறிக்கொண்டிருந்ததை என்கிறார். 30 ஓட்டு மாறி விழுந்திருந்தால் அவர் விடுதலையாகியிருப்பார். கிடைத்ததோ மரண தண்டனை.

அப்படியானால் நாடகாசிரியர்தான் கொலையாளியா? பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் தோற்ற ஏதென்ஸில் 'முப்பதின்மர்' கொடுங்கோலாட்சி நடத்தினார்கள். அவர்களின் தலைவன் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு பழகியவன். எதிரிப் பக்கம் தாவிய தளபதி அல்சிபியாடீஸும் அப்படியே. மக்களாட்சி திரும்பியபோது பொதுமன்னிப்பு அறிவித்துவிட்டதால், அந்தப் பழைய அரசியல் கணக்கை நேராகத் தீர்க்க வழியில்லை. கடவுள் நிந்தனை, இளைஞர்கள் என்று வழக்கு வந்தபோது, மேடையில் பார்த்த அந்தக் கூடை மனிதன் குற்றஞ்சாட்டியவர்களுக்கு வசதியாகக் கிடைத்தான். கோபம் வேறு இடத்தில் இருந்தது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. பிளேட்டோ தம் 'விருந்து' உரையாடலில் சாக்ரடீஸையும் அரிஸ்டோபனீஸையும் ஒரே விருந்தில் உட்கார வைக்கிறார். மனிதர்கள் ஆதியில் நான்கு கை, நான்கு காலோடு உருண்டையாக இருந்தார்கள், சீயஸ் அவர்களை இரண்டாக வெட்டினார், தொலைந்த பாதியைத் தேடுவதுதான் காதல் என்று அதில் வரும் அருமையான கதை அரிஸ்டோபனீஸின் வாயிலிருந்துதான் வருகிறது. விடிய விடியக் குடித்தபின் கடைசிவரை விழித்திருந்து சாக்ரடீஸோடு பேசிய இருவரில் ஒருவரும் அவரே. தம் ஆசானைக் கொன்றவர் என்று நினைத்திருந்தால், பிளேட்டோ அவருக்கு அவ்வளவு நல்ல பேச்சை எழுதிக் கொடுத்திருப்பாரா?

நன்றி, வணக்கம்.