நோயுற்ற தோழிக்கு ஊர்ச் செய்தி

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். உடல்நலக் கவலையில் இருக்கும் நண்பருக்கு நாம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். பணிக்காலத்தில் நான் ஏறி இறங்கிய எத்தனையோ வீடுகளிலும், ஓய்வுக்குப் பின் என் நெருங்கிய தோழியின் வீட்டிலும் கண்டு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இன்று முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். நண்பர் நோயில் விழுந்துவிட்டார் என்பதற்காக, நம்முடைய அன்றாட வாழ்க்கையை அவரிடம் சொல்வதை நாம் நிறுத்திவிடக் கூடாது. தோழியைப் பற்றிச் சொல்வனவற்றை அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்; அவருடைய பெயரும் ஊரும் இந்த உரையில் வாரா.

நம் மலையில் ஒருவருக்கு உடல்நலம் சரியில்லை என்ற செய்தி வெகுவேகமாகப் பரவும். படகர்களின் ஊரான ஹட்டியாக இருந்தாலும், எஸ்டேட் தொழிலாளர்களின் லயன் வீடுகளாக இருந்தாலும், மாலைக்குள் அனைவருக்கும் தெரிந்துவிடும். ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு மக்கள் பார்க்க வருவார்கள். அது நல்ல வழக்கம். அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் வருகிறவர் ஒவ்வொருவரும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார். நோயாளி முதலிலிருந்து முழுவதையும் சொல்வார். அதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். இதற்கிடையே வந்தவர் தன் வீட்டில் நடப்பது எதையும் சொல்ல மாட்டார். மகனுக்கு வேலை கிடைத்ததையோ, மழையில் கூரை ஒழுகுவதையோ, பக்கத்து வீட்டோடு வரப்புத் தகராறு வந்ததையோ, இவரே துன்பத்தில் இருக்கும்போது நம் கதையை எதற்குச் சொல்வது என்று மனத்துக்குள் அடக்கிக்கொண்டு எழுந்து போவார். இரக்கத்தினால்தான் அப்படிச் செய்கிறார்; ஆயினும் இப்படி ஒவ்வொருவரும் அடக்கிக்கொண்டு போவதால், நேற்றுவரை ஊரின் நடுவில் இருந்த ஒருவருக்கு இன்று ஊரில் என்ன நடக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. அந்த அறையில் நோயைத் தவிர வேறு பேச்சு இல்லாத நிலை வந்துவிடுகிறது.

என் தோழி சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதும், அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன என்பதும் நேயர்கள் அறிந்தவை. கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட உறவினர்களிடமிருந்து அந்த வீட்டுக்கு வந்த கடிதங்களைப் பள்ளி நாள்களில் நான் படித்துக் காட்டியிருக்கிறேன். நலம் விசாரிப்பது இரண்டு வரிதான் இருக்கும். மற்றதெல்லாம் மழை, மாடு ஈன்ற கதை, யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள் என்பது, பள்ளிக்கூடத்துக்குப் புதிய வாத்தியார் வந்தது. அந்தச் சின்னச் செய்திகளுக்காகவே தோழியின் தாயார் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வார்.

அந்தத் தோழிக்கு மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. வலியே இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இவ்விடத்தில் செவிலியராக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்று, எது புற்றல்ல என்பதைக் கையால் தொட்டுப் பார்த்து எவரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வலி இல்லை என்பது தள்ளிப்போடுவதற்கான காரணமாகவும் ஆகாது. தோல் உள்வாங்குவது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிவது, அக்குளில் நெறி கட்டுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே காட்ட வேண்டும். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கருப்பைவாய்ப் பரிசோதனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.

கட்டி தென்பட்ட நாளுக்கும் முடிவு தெரியும் நாளுக்கும் இடையில் ஒரு நீண்ட காத்திருப்பு உண்டு. ஸ்கேன், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே, பிறகு ஊசி மூலம் திசுவை எடுத்துச் சோதிப்பது, அந்த முடிவு வருவதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆவது என்று நாள்கள் நகரும். நோயை எதிர்கொள்வதைவிட இந்தக் காத்திருப்பே பலரை அதிகம் வாட்டுகிறது என்பது என் அனுபவம். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் அடுத்துச் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கும். காத்திருக்கும் காலத்தில் நினைப்பதைத் தவிர வேறு வேலை இராது.

அந்த நாள்களில் மாலைதோறும் நான் தோழியின் வீட்டுக்குச் சென்று, அன்றைக்கு நடந்தவற்றைச் சொல்வேன். மேல்தெருக் கோயிலின் கதவைக் கரடி உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனதைச் சொன்னேன். பச்சைத் தேயிலைக்கு ஆலையில் என்ன விலை போடுகிறார்கள், யார் வீட்டு இலை முற்றிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள் என்பதைச் சொன்னேன். காலைப் பேருந்து வராததால் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போனதையும், என் மருமகளுக்கும் எனக்கும் இடையே வந்த சிறு மனத்தாங்கலையும் சொன்னேன். முதல் சில நாள்கள் அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அந்தக் கரடி மறுபடி வந்துச்சா?" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. அன்றிலிருந்து அவரே செய்திகளை எதிர்பார்க்கத் தொடங்கினார். மருமகள் விஷயத்தில் தவறு யார் மேல் என்று தீர்ப்பும் சொன்னார். அந்தத் தீர்ப்பு எனக்குச் சாதகமாக இல்லை என்றாலும், அவர் பழையபடி என்னை அதட்டிப் பேசியதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

நோயாளியிடம் நம் துன்பத்தைச் சொல்லக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. பணம் கடன் கேட்பது போன்ற சுமைகளை அவர் மீது ஏற்றக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் என் முழங்கால் வலியையும், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிச் சீர்செய்ய ஆள் கிடைக்காத சிரமத்தையும் அவரிடம் சொல்லி யோசனை கேட்பது அவரை வருத்தாது. நோய் வந்த நாளிலிருந்து எல்லாரும் அவருக்கு அறிவுரை சொல்கிறார்கள். அவரிடம் அறிவுரை கேட்பவர் எவரும் இல்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் தோட்டத்தையும் குடும்பத்தையும் நடத்திய ஒரு பெண்மணிக்கு, தன் சொல் இன்னும் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதைப் படுத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்படிச் சொல்வதால், நோயைப் பற்றிய பேச்சையே தவிர்த்து வேறு பேச்சால் மூடிவிட வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். கரடிக் கதையோ இலை விலையோ வேண்டாம், தன் பயத்தைத்தான் பேச வேண்டும் என்று அவர் விரும்பும் நாள்கள் வரும். அப்போது நாம் சொல்ல வந்ததை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். ஒன்றும் ஆகாது என்று அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது. அது நமக்கே தெரியாத ஒன்று, நமக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். முடிவு எதுவானாலும் உன்னோடு வருகிறேன் என்பது மட்டுமே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. இந்த மூலிகையைத் தின்றால் கட்டி கரையும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளைத் தயவுசெய்து அவருக்கு அனுப்பாதீர்கள். அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் ஆறாத வேதனை.

தோழிக்குச் சோதனை முடிவு புற்றுநோய் என்றே வந்தது. ஆரம்ப நிலை என்றார்கள். அறுவைச் சிகிச்சையும், அதன்பின் கீமோ என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையும் சமவெளியில்தான் நடந்தன.

மலையிலிருந்து கீழே மருத்துவத்துக்குப் போவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்து மூன்று கிலோமீட்டர்தான் என்றாலும், வளைவுகளில் தலைசுற்றலும் வாந்தியும் இயல்பாகவே வரும். கீமோ எடுத்துத் திரும்பும்போது அது பன்மடங்காகும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைப் பேருந்தில் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் முன்பு போட வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமென்றால், விடியுமுன் பட்டினியோடு மலையிறங்குவதற்குப் பதிலாக, அந்தப் பரிசோதனையை உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொண்டு வரலாமா என்றும் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் பட்டினியோடு மாத்திரையையும் போட்டுக்கொண்டு கிளம்பினால், வழியில் சர்க்கரை குறைந்து வியர்த்து மயங்கிவிடக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மண்சரிவால் பாதை அடைபடுவதும் உண்டு. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்தப் பெருமழையை நாம் மறக்கவில்லை. எனவே அடைமழைக் காலத்தில் சிகிச்சை நாள் வந்தால், முந்தின நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. கூடப் போகும் நண்பர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். மருத்துவர் சொல்வதில் பாதி நோயாளியின் காதில் விழாது, பயத்தில் இருப்பவருக்கு அது இயல்பு.

கீமோ நடக்கும் மாதங்களில் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும். சளி, இருமல் உள்ளவர்கள் நேரில் போகாமல் தொலைபேசியில் பேசினால் போதும். செய்தி சொல்வதற்குக் குரல் போதுமே. நோயாளிக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மலைக் குளிரில் வருகிற சாதாரணக் குளிர்காய்ச்சல்தானே என்று மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்க வைக்கக் கூடாது. இரவானாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 108ஐ அழைக்கத் தயங்கக் கூடாது. நள்ளிரவில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பத் தயங்கித்தான் நோயாளியின் வீட்டார் விடியும்வரை காத்திருப்பார்கள். எந்த நேரமும் கதவைத் தட்டலாம் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

என்ன உதவி வேண்டுமானாலும் கேள் என்று சொல்வதைவிட, இன்ன நாளில் இன்ன வேலையை நான் செய்கிறேன் என்று சொல்வது பயன்படும். எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து, தோழியின் தோட்டத்து இலையை முறை தவறாமல் பறித்து எடை போட்டுப் பணத்தை அவர் கையிலேயே கொடுத்தோம். கொழுந்து நோய்க்காகக் காத்திருக்காது. இரண்டு வாரம் விட்டால் முற்றிப் போகும். வேறொருவர் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு தோழியின் கணவரை உதகை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்து வந்தார். ஓராண்டில் ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டத்தில் சிகிச்சைக்கு வழி உண்டு.

அறுவைச் சிகிச்சையில் அக்குள் நெறிகளையும் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு இருக்கிறது. இலை பறிப்பதே வாழ்க்கையான நம் பெண்களுக்கு இது மிக முக்கியமானது. அந்தக் கையால் கனமான இலை மூட்டையைத் தூக்கக் கூடாது. கவாத்துக் கத்தி, முள், அட்டைக்கடி எதனாலும் காயம் படாமல் கையுறை அணிய வேண்டும். சிறு காயமானாலும் உடனே கழுவி மருந்திட வேண்டும். ஆனால் கையை அசைக்காமல் வைத்திருப்பதும் தவறு. சொல்லிக் கொடுத்த பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். தோழி விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறும் பயிற்சியைச் செய்யும்போது நான் எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வேன். கதை முடியும்வரை அவர் நிறுத்த மாட்டார்.

சிகிச்சை முடிந்து முடி வளரத் தொடங்கியதும், பார்க்க வருகிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். நலமாகிவிட்டார் என்ற மகிழ்ச்சியே அதற்குக் காரணம். ஆனால் நோயாளிக்கு உண்மையான தனிமை தொடங்குவது அப்போதுதான். களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கும். ஹார்மோன் மாத்திரை தேவைப்படுகிறவர்கள் ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ அதைத் தொடர வேண்டியிருக்கும். மறுபரிசோதனை நாள் நெருங்கும் ஒவ்வொரு முறையும் பழைய பயம் திரும்பி வரும். சாதாரண முதுகுவலிகூட அந்த வாரத்தில் வேறு மாதிரித் தோன்றும். தோழியின் பரிசோதனை நாள்களை என் வீட்டு நாட்காட்டியில் நான் குறித்து வைத்திருக்கிறேன். அதற்கு முந்திய வாரம் முழுவதும் மாலை வேளையை வேறு எதற்கும் ஒதுக்குவதில்லை.

நோயாளிக்கோ, அவரைக் கவனித்துக்கொள்பவருக்கோ தூக்கமின்மையும் மனச்சோர்வும் விடாமல் நீடித்தால், 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்ற எண் இருக்கிறது. கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத எஸ்டேட் பகுதிகளில் இருப்பவர்கள், தங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் நேரில் சொன்னால் அவரே ஏற்பாடு செய்து தருவார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.