ஓக் விதை முளைக்கலன்னு சட்டிய கவுத்துடாதீங்க

வணக்கம் மக்களே, ஊட்டில இருந்து பேசுறேன், மணி மூணரை ஆகுது, வெயில் இருக்கும்போதே எடுத்துடலாம்னு கேமராவ தூக்கிட்டு கொல்லைக்கு வந்துட்டேன். இந்தா இந்தப் பைய பாருங்க, வெறும் மண்ணுதான தெரியுது? இதுக்குள்ள ஒரு ஓக் மரம் இருக்கு. இருங்க காட்றேன்.

விரலால மேல் மண்ண லேசா தள்றேன்... ம், கொட்டை தெரியுதா, ஓடு பொளந்துருக்கு, அந்தக் கூர்மையான நுனில இருந்து ஒரு வேரு வளைஞ்சு நேரா கீழ போகுது பாருங்க, தந்தக் கலர்ல, பென்சில் தடிமன்ல. இப்ப பைய தூக்குறேன், அடில இருக்கற ஓட்டைல வெள்ளையா எட்டிப் பாக்குதே, அதே வேரோட நுனிதான் அது! ஒரு அடி உசரப் பை இது, அக்டோபர்ல போட்டேன், இப்ப டிசம்பர், மேல ஒரு எலை கூட வரல ஆனா வேரு அடியத் தொட்டுருச்சு.

இத ஏன் முதல்ல காட்டுனேன்னா போன வருஷம் எனக்கு இது தெரியல. ரோஜாச் செடி வாங்குன சின்ன சட்டிலதான் போட்டேன், ரெண்டு மாசம் பாத்தேன், ஒண்ணுமே வரல, செத்துருச்சுன்னு கவுத்தா எல்லாத்துலயும் வேரு அடில வட்டம் சுத்தி கெடக்கு, நான் மண்ண உதுத்ததுல பட்டு பட்டுன்னு ஒடஞ்சுருச்சு. பதினோரு செடி. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

அதனால சட்டி அகலமெல்லாம் தேவையில்ல, ஆழம்தான் வேணும். சமவெளில இருக்கறவங்க பெரிய தண்ணி பாட்டில வெட்டி வெப்பாங்க, நம்ம நீலகிரில அந்த பாட்டிலுக்கே தடை, அதனால நான் தேயிலை நாத்துப் பை எடுத்துக்கிட்டேன், ஒல்லியா நீளமா இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. பைய தரைல வெக்காதீங்க, ரெண்டு பக்கம் செங்கல் வெச்சு மேல கம்பி வலை போட்டு அதுல நிறுத்துங்க, வேரு நுனி காத்துல பட்டதும் அங்கயே நின்னு பக்க வேரு விடும்.

விதைக்கு வர்றேன். இது வெண்டை விதை மாதிரி காய வெச்சு டப்பால போட்டு அடுத்த வருஷம் போடலாம்ங்கற கதை இல்ல, பலாக்கொட்டை மாதிரி, காஞ்சா உயிர் போயிரும். விழுந்த ஒரு வாரத்துக்குள்ள பொறுக்கி, கொட்டை மேல இருக்கற தொப்பிய கழட்டி, பக்கெட் தண்ணில போடுங்க. மெதக்கறத ஒதுக்கிருங்க, குண்டூசி ஓட்டை இருந்தாலும் வேணாம், உள்ள வண்டுப் புழு தின்னுருக்கும். எனக்கு முப்பதுல எட்டு மெதந்துச்சு. மிச்சத்த படுக்க வெச்சு ஒரு இஞ்ச் மண்ணு மூடுனேன், அவ்ளோதான். மரத்தடில இருந்த மக்குன எல மண்ணு ரெண்டு கைப்பிடி கலந்தேன், அதுல இருக்கற பூஞ்சை வேரோட ஒட்டி வாழும், செடிக்கு நல்லது. உரம் இப்ப வேணாங்க, கொட்டைக்குள்ளயே சாப்பாடு இருக்கு. மேல கோழி வலை கட்டாயம் போடுங்க, எலி ஒரே ராத்திரில காலி பண்ணிரும்.

எலை வந்தப்புறம் மாவு தூவுன மாதிரி வெள்ளையா படிஞ்சா அது சாம்பல் நோய், இங்கிலீஷ் ஓக்குக்கு அடிக்கடி வரும், நெருக்கி வெக்காம காத்தோட்டமா வெச்சாலே பாதி கொறையும்.

இன்னொன்னு, இத மனசார கேக்குறேன். ஓக்ல சில வகைங்க இமயமலைப் பக்கம் தானா வளரும், ஆனா நம்ம மலைல ஓக் இயற்கையா கெடையாது, வெள்ளக்காரங்க கொண்டு வந்து வெச்சதுதான். வீட்டு எடத்துல, ரோட்டோரத்துல பழைய மரம் பட்டுப்போன எடத்துல வெயுங்க, ஆனா சோலைக் காட்டுக்குள்ளயும் மலைப் புல்வெளிலயும் தயவுசெஞ்சு கொண்டு போய் நட்றாதீங்க. சீகை மரத்த, அதான் வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரத்த, அப்படி நட்டுட்டு இன்னிக்கு வரைக்கும் வெட்டிக்கிட்டு இருக்கோம், புல்வெளி போச்சுன்னா ஓடைல தண்ணி போச்சு.

சரி வெயில் எறங்கிருச்சு. ஊட்டி பக்கத்துல உறைபனி அதிகமா விழற தலைகுந்தா அளவுக்கு இல்லன்னாலும், நேத்து காலைல எங்க தெருப் புல்லும் உறைபனில வெள்ளையா கெடந்துச்சு. பனி விழறதுக்குள்ள இருபத்திரெண்டு பைக்கும் சாக்கு போட்டு மூடணும், போயிட்டு வர்றேன்.