தப்பிக்கத் தன் சுவரையே இடிக்கும் பாக்டீரியா!

கடைசி மருந்துக்குத் தப்ப, தன் வெளிச்சுவரின் முக்கியமான பொருளைத் தயாரிப்பதையே நிறுத்திவிடுகிறது ஒரு பாக்டீரியா. நிறுத்திவிட்டு உயிரோடும் இருக்கிறது! நான் அசந்துபோன இடம் பின்னால் வருகிறது, பாதியில் போய்விடாதீர்கள்.

பெயர் அசினெட்டோபாக்டர் பாமானி. ஐசியுவில் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு நிமோனியா கொடுக்கும் கிருமி. கிராம் நெகட்டிவ் வகை, அதாவது இரண்டு சவ்வு; வெளிச்சவ்வின் மேல்பக்கம் எல்பிஎஸ் என்ற, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள். இதற்கான மருந்து கொலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்த பழைய மருந்து, மற்றவை கைவிட்டதும் திரும்ப எடுத்தார்கள்.

சரி, கிட்டே போய்ப் பார்ப்போம். எல்பிஎஸ்ஸின் அடிப்பகுதி லிப்பிட் ஏ. அதிலுள்ள பாஸ்பேட்டுகளுக்கு நெகட்டிவ் சார்ஜ், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும், அதனால் நடுவில் மக்னீசியம், கால்சியம் அயனிகள் உட்கார்ந்து பிடித்து வைத்திருக்கின்றன. கொலிஸ்டினுக்கு பாசிட்டிவ் சார்ஜ். அது வந்து அயனிகளைத் தள்ளிவிட்டு அங்கே உட்காரும், சவ்வு பிய்ந்துவிடும், கிருமி காலி.

லிப்பிட் ஏ தயாரிப்பின் முதல் படிகளுக்கான ஜீன்கள் எல்பிஎக்ஸ்ஏ, எல்பிஎக்ஸ்சி, எல்பிஎக்ஸ்டி. இவற்றில் ஒன்றில் டிஎன்ஏவின் ஒரே எழுத்து விட்டுப்போனால்கூட மொத்த உற்பத்தியும் நின்றுவிடலாம். எல்பிஎஸ் இல்லை, கொலிஸ்டின் ஒட்ட இடமும் இல்லை. 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். குடலில் வாழும் சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்கு இப்படி ஆனால் செத்தே போகும்!

ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். வான்கோமைசின் என்ற மருந்தின் மூலக்கூறு எடை சுமார் 1450 டால்டன். வெளிச்சவ்வில் இருக்கும் ‘போரின்’ (porin) என்ற புரதங்களின் துளைகளில் பொதுவாக 600 டால்டனுக்கு மேல் நுழையாது, அதனால்தான் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. எல்பிஎஸ்ஸை இழந்த அசினெட்டோபாக்டரோ, வெளிச்சவ்வின் தடுப்பு பலவீனமாகிவிடுவதால், ஆய்வுக்கூடச் சோதனையில், அதே வான்கோமைசினுக்கு மாட்டிக்கொள்கிறது! இந்த இடத்தில்தான் நான் வீடியோ எடுக்கவே முடிவு செய்தேன்.

அதற்காக ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். எல்பிஎஸ் இல்லாத கிருமி பலவீனமானது. நோயாளிகளிடம் அதிகம் கிடைப்பது வேறு ரகம்: பிஎம்ஆர்ஏ, பிஎம்ஆர்பி ஜீன்களில் மாற்றம் வந்து, லிப்பிட் ஏ மேல் பாஸ்போஎத்தனாலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, நெகட்டிவ் சார்ஜைக் குறைத்துக்கொள்கிறது. கொலிஸ்டின் சரியாக ஒட்டாது, சுவரும் அப்படியே நிற்கும், வான்கோமைசினுக்கும் வழி கிடையாது. எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இந்த ரகம்தான்.

இதே வேலையைச் செய்யும் எம்சிஆர்-1 என்ற ஜீன், 2015இல் சீனாவில் கண்டுபிடித்தது, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கே தாவுகிறது. அதைப் பற்றித் தனி வீடியோ வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள்.